பக்கவாட்டுச் சந்தில் தளம் போட்ட பிறகு சுவரில் ஓதமா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது. விரல் பட்டதும் வெள்ளை மாவு கொட்டியது. அம்மா சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அந்தச் சந்துல கல்லு போட்டதுலேர்ந்துதான்டா" என்றாள். அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

எங்களுடையது சென்னை மேற்கு மாம்பலத்தில் எண்பதுகளில் கட்டிய தனி வீடு. வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பத்தடி அகலம், முப்பதடி நீளத்தில் ஒரு சந்து. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார ஒரு சிட்-அவுட் ஆகட்டும் என்று, கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி, பேவர் பிளாக் பதித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த வடகிழக்குப் பருவமழையில்தான் சுவர் பொரிந்தது. பெயின்ட் கடையில் சொன்னதைக் கேட்டு, உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு ஒன்று அடித்தேன். அடுத்த வருஷம் ஓதம் அந்தப் பூச்சுக்கு மேலே ஏறி, இன்னும் ஒரு முழம் மேலே பொரிந்தது. வெளியே செய்த தப்புக்கு உள்ளே வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

கீழே உள்ளதை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்குப் போகலாம். ஆனால் மட்டம் பற்றிய பகுதியை மட்டும் தாண்டாதீர்கள். மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது.

முதலில் மட்டம்

வீட்டுச் சுவரில், பேஸ்மட்டம் முடியும் இடத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று இருக்கும். கட்டட வேலைக்காரர்கள் டி.பி.சி. என்பார்கள். மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறாமல் நிறுத்துவது அதுதான். பிளின்த் பீம் (பேஸ்மட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்தரம்) போட்ட வீட்டில் பீமின் மேல்விளிம்பை அந்த மட்டமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய வீட்டில் இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே ஒன்றரை இன்ச் கனத்தில் அழுத்தமான சிமென்ட் பட்டையாக இருக்கும், சில வீடுகளில் அதன்மேல் தாரும் பூசியிருப்பார்கள். வெளிப்பூச்சை ஓரடிக்குக் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளித்தளம் இந்த அடுக்குக்குக் குறைந்தது 6 இன்ச் கீழே இருக்க வேண்டும். சிட்-அவுட் திட்டத்தில் முதலில் முடிவாக வேண்டிய எண் இது. கல்லின் நிறம், டிசைன் எல்லாம் அப்புறம்.

அளக்க லேசர் எதுவும் வேண்டாம், மட்டக்குழாய் போதும். எங்களுக்கு வந்த மேஸ்திரி குழாயில் தண்ணீரை ஊற்றிவிட்டு உடனே அளக்கவில்லை. ஒரு முனையை மேலே தூக்கிப் பிடித்து, குழாயை இடமிருந்து வலமாக விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி நகர்ந்து மேலே வந்து வெளியேறியது. "இது உள்ள இருந்தா அரை இன்ச் பொய் சொல்லும் சார்" என்றார். அதன்பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவரில் கோடு போட்டார்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. கட்டியபோது வீட்டுத்தரைக்கும் வெளிமண்ணுக்கும் 18 இன்ச் வித்தியாசம். டி.பி.சி. வீட்டுத்தரைக்கு 4 இன்ச் கீழே, அதாவது மண்ணுக்கு மேலே 14 இன்ச். நாங்கள் கொட்டிய இடிபாடு 6 இன்ச். பேவரும் அதன் அடியில் போட்ட டஸ்ட்டும் (கல் குவாரித் தூள்) சேர்ந்து 4 இன்ச். மீதி 4 இன்ச்தான். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. போதாததற்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வேறு வீட்டுப் பக்கமாக இருந்தது.

கடைசியாக வாசல் ரோட்டின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டு, எத்தனையோ வீடுகள் தெருவை விடப் பள்ளத்தில் போய்விட்டன. உங்கள் சந்துத் தண்ணீர் தானாக வெளியேறுமா, மோட்டார் வைக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வது இந்த எண்தான்.

அறிகுறி: உள்சுவரின் அடியில் பெயின்ட் பொரிகிறது, உப்பு பூக்கிறது

தளத்தைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறையின் காற்றிலுள்ள ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும். தாளுக்கு அடியில் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அடுத்தது காலம். அக்டோபரில் தொடங்கி ஜனவரியில் அடங்கினால் மழைதான் காரணம். மே மாதத்திலும் ஈரம் காத்தால் குழாய், பாத்ரூம், அல்லது சுவரை ஒட்டியுள்ள சம்ப் (தரைக்கு அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி). சம்ப்பை நிரப்பி, மோட்டாரையும் வரும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, ராத்திரி தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பேவரைத் தோண்டிப் பயனில்லை.

மழைதான் என்று உறுதியானால், வெளியே போய் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, தளத்துக்கும் டி.பி.சி.க்கும் நடுவே 6 இன்ச் இருக்கிறதா. இரண்டாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வெளிச்சுவர்ப் பூச்சு டி.பி.சி.யைத் தாண்டிக் கீழே இறங்கி, தளத்தோடு ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் தடுப்பு அடுக்கு ஒழுங்காக இருந்தும் பயனில்லை. ஈரம் பூச்சு வழியாகவே அதைத் தாண்டி ஏறிவிடும்.

நாங்கள் செய்தது: வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு, முப்பதடியும் பேவரைக் கிளப்பினோம். அங்கே தளத்தின் மேல்மட்டத்திலிருந்து 8 இன்ச் ஆழம்வரை டஸ்ட்டையும் இடிபாட்டையும் அள்ளினோம். டி.பி.சி. மட்டத்துக்குக் கீழே இருந்த பூச்சை கட்டிங் மெஷினால் நேராக அறுத்து எடுத்தோம். மீதிப் பேவர் சரியாமல் இருக்க ஓரத்தில் கான்கிரீட் விளிம்புக் கட்டை. பள்ளத்தில் ஒன்றரை இன்ச் ஜல்லி.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாம்பலம், தி.நகர், அண்ணா நகர், பெரம்பூர் பக்கமெல்லாம் களிமண். களிமண்ணில் சும்மா ஜல்லிப் பள்ளம் எடுத்தால் அது வீட்டைச் சுற்றி வெட்டிய அகழி. விழுந்த தண்ணீர் இறங்காமல் அஸ்திவாரத்தை ஒட்டியே நிற்கும். அதனால் பள்ளத்தின் அடியில் துளை போட்ட 4 இன்ச் பிவிசி குழாயை வாட்டத்தோடு பதித்து, அதற்கு வெளியேற வழியும் வைக்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலோர மணலில் இந்தக் குழாய் பெரும்பாலும் தேவைப்படாது.

வெளியே சரிசெய்ததும் உள்ளே உடனே பூசிவிடாதீர்கள். பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும், காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். 9 இன்ச் சுவர் காய ஒரு கோடை முழுவதும் வேண்டும். எங்கள் ஹாலில் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வந்த விருந்தாளிகள் எல்லாரும் கேட்டார்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய வீடாக இருந்தால் டி.பி.சி.யே இல்லாமல் இருக்கலாம். அந்தச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு கூடாது. சுவர் மூச்சுவிட வழியில்லாமல் ஈரம் மேலே மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சே நல்லது. சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்தி ஈரத்தடுப்பு உண்டாக்கும் முறையும் உண்டு. அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் வெளித்தளத்தை இறக்குங்கள். பல வீடுகளில் அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

அறிகுறி: வெளிச்சுவரில் ஓரடி உயரத்துக்கு அழுக்குப் பட்டை

இது ஏறிய ஓதமாக இருக்காது, தெறித்த தண்ணீர். மண்ணில் விழும் மழைத்துளி அமுங்கிவிடும், கல்லில் விழுந்தால் எகிறும். அந்த 6 இன்ச் விதியே ஓரளவுக்கு இதற்காகத்தான். சுவரோர ஜல்லிப் பட்டை இதற்கும் மருந்து. மேலே சன்ஷேடையும் பாருங்கள். அதன் அடிவிளிம்பில் சின்னதாகக் காடி (நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு) இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடி வந்து சுவரில் வழியும்.

அறிகுறி: மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் சுவரோரம் குட்டை

ஒரு கோலிக்குண்டைத் தளத்தில் வையுங்கள். வீட்டை நோக்கி உருண்டால் விஷயம் முடிந்தது, வாட்டம் தலைகீழ். பேவரில் இடுக்கு இருப்பதால் குண்டு மாட்டிக்கொள்ளும், ஆகவே ஒரு தட்டையான பலகையை வைத்து அதன்மேல் உருட்டுங்கள்.

வாட்டம் வீட்டிலிருந்து விலகிப் போக வேண்டும், 10 அடிக்கு 2 இன்ச். கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும், நாற்காலியும் ஆடாது. சொரசொரப்பான கல்லுக்கு இதைவிடக் குறைக்காதீர்கள். எங்களுக்கு முதலில் பதித்தவர், "ரசமட்டம் வெச்சு ஜம்முனு போட்டிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னார். ரசமட்டம் வைத்து நூல் பிடித்தாற்போலச் சமமாகப் போட்டால் தண்ணீர் எங்கே போகும்? அது தெரியாமல் நானும் தலையாட்டினேன். அப்புறம் நாள்பட, நிரப்பிய மண் சுவரோரம் இறங்கி வாட்டம் வீட்டுப் பக்கமே திரும்பிவிட்டது.

காம்பவுண்டு பக்கம் வாட்டம் கொடுத்தால் அங்கே சுவர் தடுக்கும். அதனால் காம்பவுண்டை ஒட்டி 6 இன்ச் அகலக் கால்வாய், மேலே இரும்புக் கம்பித் தட்டு. கால்வாய்க்கு நீளவாக்கில் தனி வாட்டம், 30 அடிக்கு மூன்றரை இன்ச். கடைசியில் மண் படியும் தொட்டி ஒன்று, அதிலிருந்து மழைநீர்க் குழிக்கு (மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி).

இந்த இடத்தில் காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். எங்கள் சந்து 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 2,800 லிட்டர். சமாளிக்கலாம். ஆனால் 1,000 சதுர அடி மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய்களும் இதே சந்தில்தான் வந்து கொட்டின. அது 9,300 லிட்டர். இரண்டும் சேர்ந்து 12,000 தாண்டுகிறது. கோடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, ஒரு பெரிய லாரித் தண்ணீர், அதை அப்படியே சந்தில் கவிழ்த்த மாதிரி. சந்தில் குட்டை தேங்கியது என்று நான் மூன்று வருஷம் கல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான்கில் மூன்று பங்கு தண்ணீர் மாடியிலிருந்து வந்தது. குழாய்களைத் தளத்தில் கொட்ட விடாமல், தரைக்கு அடியில் நேராகக் குழிக்குக் கொண்டுபோனதும் பாதி பிரச்சினை போய்விட்டது.

அறிகுறி: மழைநீர்க் குழி நிரம்பி வழிகிறது

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது அவசரத்துக்குத் தோண்டிய குழிகளில் பல இன்று சேறு அடைத்துக் கிடக்கின்றன. ஆகவே முதலில் சுத்தம். மேல் மணலை அள்ளி மாற்றி, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். செப்டம்பரில் இதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம்.

சுத்தம் செய்தும் வழிந்தால் மண்ணைச் சோதியுங்கள். ஓரடிக்கு ஓரடி, இரண்டடி ஆழத்தில் குழி. ஒருமுறை தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். அது இறங்கிய பிறகு மறுபடி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி ஊற்றிய தண்ணீரில் காலையில் கொசு உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்ட களிமண்ணில் மேலோட்டமான குழி வெறும் தொட்டிதான். குழிக்குள் போர் (ஆழ்துளை) போட்டு, களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே மணல் தட்டும் ஆழம்வரை இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் கீழே பாறை வந்துவிடும், அங்கே ஆழத்தை விட அகலம் உதவும்.

எப்படிச் செய்தாலும் நவம்பரில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் எந்தக் குழியும் குடிக்காது. 2015 டிசம்பரையும் 2023-இல் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அதனால் குழிக்கு உபரிநீர் வழி ஒன்று கட்டாயம், தெருவின் மழைநீர்க் கால்வாயை நோக்கி. ரோடு உங்கள் தளத்தைவிட உயரம் என்றால் தண்ணீர் தானாகப் போகாது. சந்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சேகரிப்புத் தொட்டி, அரை எச்.பி. சேற்றுநீர் மோட்டார், வெளிக்குழாயில் திரும்பி வராதபடி வால்வு. வால்வை விட்டுவிட்டால் தெருத் தண்ணீர் அதே குழாய் வழியாக விருந்தாளியாக வந்து சேரும். மோட்டார் ஸ்விட்ச்சை இடுப்புக்கு மேலே வையுங்கள்.

அறிகுறி: மழை நாளில் தளத்துத் துவாரத்தில் சாக்கடை நாற்றம், தண்ணீர் மேலே வருகிறது

யாரோ தளத்து வடிகாலைக் கழிவுநீர் சேம்பரில் (வீட்டுச் சாக்கடைக் குழாய்கள் வந்து கூடும் தொட்டி) இணைத்திருக்கிறார்கள். வேலைக்காரர்களுக்கு அது கைக்கு எட்டும் சுலபமான வழி. பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பினால் அழுத்தம் பின்னோக்கி வந்து, உங்கள் சிட்-அவுட்டில் திறக்கும். இணைப்பை வெட்டி அடைத்துவிடுங்கள். மழைநீர் வேறு, கழிவுநீர் வேறு, இரண்டுக்கும் எங்கேயும் சந்திப்பு கூடாது. அழகுக்காகச் சேம்பர் மூடியின் மேல் பேவர் பதித்திருந்தால் அதையும் கிளப்புங்கள். அடைப்பு வருகிற அன்று எந்தக் கல்லுக்கு அடியில் சேம்பர் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

அறிகுறி: மழைக்குப் பிறகு குழாயில் கலங்கல்

இதைத் தள்ளிப்போடக் கூடாது. தளத்தை உயர்த்தியதில் சம்ப் மூடி தளத்தோடு சமமாகி, மழைநீர் உள்ளே இறங்குகிறது. சம்ப்பின் வாயைச் சுற்றிச் செங்கல் வைத்து, தளத்திலிருந்து 9 இன்ச்சாவது உயர்த்துங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். சம்ப்பை இறைத்து, கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டபிறகுதான் நிரப்ப வேண்டும்.

அறிகுறி: கல் அங்கங்கே இறங்குகிறது, மேலெழுகிறது

நிரப்பிய மண்ணை இறுக்கவில்லை. நாங்கள் கொட்டிய இடிபாட்டில் பாதி செங்கல் துண்டு, நடுநடுவே காற்று. மழை பெய்யப் பெய்ய டஸ்ட் அந்த இடுக்குகளில் இறங்கிப் போகும், கல்லும் கூடவே போகும். பள்ளத்தில் டஸ்ட் அள்ளிப் போட்டுக் கல்லைத் திரும்ப வைத்தால் ஆறு மாதம் தாங்கும், அவ்வளவுதான். கிளப்பி, களிமண்ணின் மேல் ஜியோ துணி (மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் விரிப்பு) விரித்து, 4 முதல் 6 இன்ச் கலப்பு ஜல்லி போட்டு, பிளேட் காம்பாக்டரை (அதிர்ந்து தரையை இறுக்கும் மெஷின்) வாடகைக்கு எடுத்து இரண்டு அடுக்காக இறுக்குங்கள். மேலே ஒன்றரை இன்ச் டஸ்ட் போதும். மட்டம் சரிவரவில்லை என்று டஸ்ட்டைக் கனமாகப் போட்டுச் சமாளிப்பார்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஆள் நடக்க, ஒரு கார் நிற்க 60 மில்லிமீட்டர் கல் தாங்கும். விளிம்புக் கட்டை இல்லாவிட்டால் எந்தக் கல்லும் பக்கவாட்டில் நகரும்.

சில்லறை அறிகுறிகள்

பாசி வழுக்கினால் வெயில் படாத இடம், கூடவே வாட்டமும் போதவில்லை. ப்ளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், ஆசிட் ஊற்றினால் கல்லின் மேற்பரப்பே அரித்துவிடும். சுவரில் மண் கோடு ஏறினால் கரையான். தளத்துக்கும் டி.பி.சி.க்கும் இடைவெளி இல்லாத இடத்தில் அதற்கும் ஏணி கிடைத்துவிடுகிறது. பின்வாசல் படியைத் தாண்டித் தண்ணீர் வந்தால் வாசலுக்கு நேராகக் குறுக்கே ஒரு கம்பித்தட்டுக் கால்வாய் எடுங்கள், நிலைப்படியை உயர்த்தினால் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள்.

வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை. முடிந்த பிறகு முதல் பெரிய மழைக்கு, குடையோடு சந்தில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தயங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து, மிச்சமிருக்கும் ஒவ்வொரு குட்டையைச் சுற்றியும் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். எங்களுக்கு நான்கு வட்டம் வந்தது. அடுத்த வாரம் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்த வட்டத்துக்குள் இருந்த கற்களை மட்டும் கிளப்பி மட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தோம். அரை நாள் வேலை.